நிலா கற்கும் கெம்போ எங்கிருந்து வந்தது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பாஸ்டனில் நிலா ஷாவோலின் கெம்போ என்ற தற்காப்புக்கலை வகுப்பில் சேர்ந்து மஞ்சள் பெல்ட்டும் வாங்கிவிட்டாள் என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே ஒசாகாவில் எல்லோரும் நலம், மழை தொடங்கிவிட்டது, நான் இன்னும் வாராவாரம் ஷோரின்ஜி கெம்போவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

அவளும் நானும் கற்பது ஒரே கலையா, எல்லாம் நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்ததுதானே என்று கேட்டிருந்தாய். இரண்டுமே இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நிலாவின் கலைக்கு இருக்கும் உண்மையான கதையே எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது.

அவள் வகுப்பின் வேரைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் சீனாவுக்கு அல்ல, ஹவாய்க்குத்தான் போய்ச் சேருவாய். ஷாவோலின் கெம்போ என்ற பாணியை உருவாக்கியவர் பிரெட் வில்லாரி. அவருடைய ஆசிரியர் நிக் செரியோ, செரியோவின் ஆசிரியர் ஜார்ஜ் பெசாரே. பெசாரே கலிபோர்னியாவில் விக்டர் கஸ்கோனிடம் கற்றதை ரோட் ஐலண்டுக்குக் கொண்டுவந்தவர், அந்தக் கஸ்கோனின் பின்னணியோ காஜுகென்போ என்ற கலை. அது 1947இல் ஹொனலுலுவின் பாலாமா பகுதியில் ஏட்ரியானோ எம்பெராடோவும் இன்னும் நான்கு பேரும் கராத்தே, ஜூடோ, ஜுஜுட்சு, கென்போ, சீனக் குத்துச்சண்டை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, தெருச்சண்டையில் எது நிற்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு கட்டியது. பயிற்சியின் கடுமைக்குப் பேர்போன இடம் அது.

எம்பெராடோவுக்குக் கென்போ (கெம்போ என்பதும் இதே சொல்தான்) சொல்லித் தந்தவர் வில்லியம் சௌ. அமெரிக்காவில் கென்போவைப் பரப்பி, எல்விஸ் பிரெஸ்லிக்கும் கற்றுக்கொடுத்த எட் பார்க்கரும் சௌவின் மாணவர்தான். அதனால் அந்தக் கிளை நிலாவுக்குப் பங்காளி முறை! சௌவுக்கு முன்னால் ஜேம்ஸ் மிட்டோசே, 1942 முதல் ஹொனலுலுவில் கற்பித்தவர். இங்கேதான் வழி மங்கிப்போகிறது. தன் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த கலை என்றார் மிட்டோசே, அது அவர் வாய்ச்சொல்லை நம்பித்தான் நிற்கிறது. அவர் புத்தகத்தின் பல படங்களோ ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த கராத்தே ஆசிரியர் மோட்டோபு சோகி 1926இல் வெளியிட்ட புத்தகத்தை ஒத்திருக்கின்றன.

என் பக்கம் வேறு மரம். அதே 1947இல், போரில் தோற்றுப்போன ஜப்பானுக்கு மஞ்சூரியாவிலிருந்து திரும்பியிருந்த சோ டோஷின், இளைஞர்களை நிமிர்த்த வேண்டும் என்று ஷிகோகு தீவின் டடோட்சுவில் தொடங்கியதுதான் ஷோரின்ஜி கெம்போ. எங்களுக்கு எப்போதும் இருவர் சேர்ந்த பயிற்சிதான், தனியாகக் காட்டா (வரிசையாக அமைத்த அசைவுகள்) போடுவது குறைவு, ஆளை வீழ்த்திக் கோப்பை வாங்குவது நோக்கமே இல்லை. இதே ஒசாகாவில் 1932இல் பிறந்த நிப்பான் கெம்போக்காரர்கள் கவசம் மாட்டிக்கொண்டு முழு வேகத்தில் அடித்துக்கொள்வார்கள், அதுவும் கெம்போதான்.

போதிதர்மர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் அவரை மதித்து வணங்குகிறோம், நானும் மனமார வணங்குகிறேன். ஆனால் அவர் உடற்பயிற்சி கற்றுத்தந்தார் என்று சொல்லும் சீன நூல் அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தையது, அவர் ஊரைப் பற்றியே பழைய குறிப்புகளில் ஒன்று தென்னிந்தியா என்கிறது, இன்னொன்று பாரசீகம் என்கிறது. சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கும், இருந்தாலும் நிலாவிடம் அதை வரலாறாகச் சொல்லாதே. பிலிப்பினோ, சீன, கொரிய என்று வெவ்வேறு வம்சாவளிப் பையன்கள் ஒரு ஏழைப் பேட்டையில் சேர்ந்து செய்த கலை என்று சொல், அந்த வயதுக் குழந்தைக்கு அது நன்றாகவே பிடிக்கும்.

அப்புறம் ஒன்று. அவளுக்குப் பினான் காட்டாக்கள் ஆரம்பித்துவிட்டார்களா என்று கேட்டு எழுது. அந்தப் பெயரும் வரிசையும் ஒகினாவாவின் கராத்தே ஆசிரியர் இடோசு அன்கோவிடமிருந்து வந்தவை, அவள் வகுப்பில் அவற்றை எந்த அளவுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முடிந்தால் வீடியோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
ரவி