குப்பை பொறுக்கினால் போதாது, பூச்சியையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூண்டில்காரர்கள் கூடி ஆற்றங்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கியதைப் பாராட்டிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல வேலைதான். ஆனால் மீன்கள் கொத்தாகச் சாவது பெரும்பாலும் கண்ணில் படும் குப்பையால் அல்ல, ஆள் பார்க்காத நேரத்தில் திறந்துவிடப்படும் கழிவுநீரால். விடிவதற்குள் அது ஓடிப்போயிருக்கும். காலையில் தண்ணீரை எடுத்துச் சோதித்தால் அறிக்கை குறையில்லாமல் வரும். ஆற்றின் அடியில் கற்களில் ஒட்டி வாழும் பூச்சிகளின் இளம்பருவங்கள் அப்படி ஓடித் தப்ப முடியாது. வழக்கமாக இருப்பவை திடீரென்று இல்லாமல் போனால் சில நாளுக்கு முன் நடந்ததும் தெரிந்துவிடும்.

பிரிட்டனில் தூண்டில்காரர்கள் 2007 முதல் இந்தப் பூச்சிகளை எண்ணுவதை நாடளாவிய திட்டமாகச் செய்துவருகிறார்கள். செலவு குறைவு: பிடி வைத்த, ஒரு மில்லிமீட்டர் கண் கொண்ட வலை, வெள்ளைத் தட்டு, உருப்பெருக்கி. ஆழமில்லாமல் சலசலத்து ஓடும் இடத்தில் வலையின் வாயை நீர் வரும் திசை பார்த்து ஊன்றி, அதற்கு மேற்புறம் நின்று காலால் அடியைக் கிளற வேண்டும். மொத்தம் 3 நிமிடம். கல், மணல், நீர்ச்செடி எது எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு நேரத்தைப் பங்கிட வேண்டும். பிறகு 1 நிமிடம் கற்களைக் கையால் புரட்டிப் பார்க்க வேண்டும். எண்ண வேண்டியவை, இளம்பருவத்தை நீரில் கழிக்கும் பூச்சிகளான மேஃபிளையில் நான்கு வகை, கேடிஸில் கூடு கட்டியது, கட்டாதது என இரண்டு, ஸ்டோன்ஃபிளை, அவற்றோடு நன்னீர்க் கூனி என்று 8 குழுக்கள். ஒரு குழுவில் 1 முதல் 9 வரை இருந்தால் ஒரு மதிப்பெண், 99 வரை இரண்டு, 999 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. கூட்டுத்தொகை அந்த இடத்துக்கென்று வகுத்த எச்சரிக்கை அளவுக்குக் கீழே போனால் மறுபடி எடுத்துப் பார்த்து, உறுதியானதும் அதிகாரிகளுக்குச் சொல்வார்கள்.

அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து வெப்பநாட்டு ஆறுகளில் பயன்படுத்தக்கூடாது. சேறு படிந்த, மெல்ல ஓடும் ஆற்றில் ஸ்டோன்ஃபிளை இல்லாதது மாசுக்குச் சாட்சி ஆகாது. பூச்சியியல் தெரிந்தவரைக் கொண்டு அந்தந்த ஆற்றுக்கான பட்டியலை முதலில் வகுக்க வேண்டும். வெள்ளம் வடிந்த கையோடு எடுப்பதும் வீண். பூச்சிகள் அடித்துச் செல்லப்பட்டிருக்கும், மாசு என்று பொய்யாகக் காட்டும். மாதத்துக்கு ஓரிடமாக மாற்றி எடுத்தால் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. தட்டை வெயிலில் வைத்துவிட்டு எண்ணுகிறவர்களும் உண்டு. எண்ணி முடிப்பதற்குள் பாதி செத்துவிடும். உயிரோடு திருப்பி விடவேண்டியவை அவை.

நீரில் கரைந்த ஆக்சிஜனை அளப்பவர்கள் நண்பகலில் அளந்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். பாசி மண்டிய நீரில் பகலில் எண் எகிறும், இரவெல்லாம் பாசியும் சேர்ந்து சுவாசிப்பதால் விடியலில் தரைதட்டும். விடியலில்தான் அளக்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் நிறைநிலையே, அதாவது காற்றிலிருந்து கரைந்து சேரக்கூடிய முழு அளவே, லிட்டருக்கு 9 மில்லிகிராம்தான், 30 டிகிரியில் ஏழரை. அம்மோனியாவைப் பார்க்கிறவர் நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் சேர்த்தே குறிக்க வேண்டும். 20 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. பி.எச். 9 ஆனால் நூற்றுக்கு 25 பங்குக்கு மேல். பி.எச். இல்லாத அம்மோனியா எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது.

மீன் செத்து மிதந்தால் அள்ளிக் கொட்டுவதற்கு முன் பாருங்கள். பெரிய மீன்கள் மட்டும் விடியலில் வாய் பிளந்து செத்திருந்தால் மூச்சுத் திணறல் என்று சந்தேகிக்கலாம். குஞ்சு முதல் பெரிது வரை வேளை பாராமல் செத்திருந்தால் நஞ்சு என்று சந்தேகிக்கலாம். கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே (நீர் வரும் பக்கம்) ஒன்றும் கீழே (நீர் போகும் பக்கம்) ஒன்றுமாகத் தனித்தனி மாதிரி எடுங்கள். முதலில் கீழே எடுத்துவிட்டு மேலே போனால் நீங்கள் கலக்கிய சேறு மாதிரியில் சேராது. புட்டியை விளிம்புவரை நிரப்பி, இருட்டில், பனிக்கட்டியோடு வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்கவேண்டும். மேற்புற மாதிரி இல்லாவிட்டால், "அழுக்கு மேலிருந்தே வந்தது" என்று ஆலைக்காரர் எளிதில் கழன்றுகொள்வார்.

வழக்கு என்றால் மலைக்க வேண்டாம். இங்கிலாந்தின் டெர்வென்ட் ஆற்றில் மீன்பிடி உரிமை வைத்திருந்த டெர்பி தூண்டில் சங்கம் 1950களின் தொடக்கத்தில் ஓர் ஆலை, மாநகராட்சி, மின் நிறுவனம் மூன்றின் மீதும் தடையாணை பெற்றது. ஆலைக் கழிவும் சாக்கடையும் மட்டுமல்ல, மின் நிலையம் விட்ட வெந்நீரும் அதில் மாசு என்றே கொள்ளப்பட்டது.

நம் பக்கத்து அழுக்கையும் சொல்லிவிடவேண்டும். அறுந்த தங்கூசியை (தூண்டில் நரம்பை) கரையில் விட்டால் பறவையின் காலில் சுற்றும். சிறு ஈயக்குண்டுகளை அன்னங்கள் விழுங்கிச் செத்ததால்தான் இங்கிலாந்தில் 1987இல் அவற்றுக்குத் தடை வந்தது. டங்ஸ்டன், எஃகுக் குண்டுகள் கிடைக்கின்றன. மிஞ்சிய இரைமீனை வேறு நீர்நிலையில் விடுவது புண்ணியம் அல்ல, அயல் மீனும் நோயும் பரவும் வழி. வலையையும் காலணியையும் கழுவி முற்றும் உலர்த்திய பிறகே அடுத்த ஆற்றில் இறங்க வேண்டும். தையல் மடிப்பில் ஈரம் இருந்தாலும் நோய்க்கிருமி தங்கும்.

கரைத் துப்புரவுச் செய்திகளை நீங்கள் வெளியிடும்போது அந்தக் குழுவிடம் பூச்சிக் கணக்குப் பதிவேட்டையும் கேட்டு வாங்கி, எண்களோடு அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தூண்டில் போடும் வாசகர் ஒருவர்