பிள்ளை பெற்றவளுக்கு வெறும் வெள்ளைச் சோறு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோற்றிலிருந்து உடல் எப்படிச் சக்தி எடுக்கிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. மாவுச்சத்து குளுக்கோஸாகி, அது உடைந்து பைருவேட் என்னும் சிறு பொருளாவது வரை தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பர்மாவில் வாழும் நமக்கு வேண்டிய செய்தி அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது. அது விடுபட்டுவிட்டது.

பைருவேட் அசிட்டைல் கோ-ஏ என்னும் இன்னொரு பொருளாக மாறினால்தான் சோற்றின் சக்தியில் பெரும்பகுதி நமக்குக் கிடைக்கும். அந்த வேலையைச் செய்யும் நொதிக்குத் தயமின், அதாவது வைட்டமின் பி1, கட்டாயம் வேண்டும். அது குறைந்தால் பைருவேட் தேங்கி லாக்டிக் அமிலமாகும். இதயமும் நரம்பும் தளரும். இதுதான் பெரிபெரி. சோறு கூடக்கூட பி1 தேவையும் கூடும். உடலில் உள்ள இருப்போ இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும்.

அரிசியில் பி1 இருப்பது தவிட்டிலும் முளையிலும். மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டினால் பெரும்பாலும் போய்விடும். நாலு தண்ணீரில் கழுவிக் கஞ்சியையும் வடித்தால் மிச்சமும் போச்சு. புழுங்கலரிசியில் அவ்வளவு இழப்பில்லை, நெல்லை அவிக்கும்போதே சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. மலாயாவில் வெள்ளையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் விழுந்தபோது, புழுங்கல் சாப்பிட்ட தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது என்று மருத்துவர் பிராடன் 1907இலேயே எழுதினார். 1936இல் பி1ஐச் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ் நம் நெல்லூரில் பிறந்தவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

என் கவலையெல்லாம் பிள்ளை பெற்றவளின் பத்தியம் பற்றித்தான். பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி, இறைச்சி ஆகாது என்று ஒவ்வொன்றாக விலக்கி, சோறும் உப்பும் சுட்ட கருவாடும் மட்டும் கொடுக்கும் வீடுகள் நம்மிடமும் உண்டு, பர்மியரிடமும் உண்டு. தாய் உடம்பில் பி1 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். இன்றும் இந்த நாட்டில் கைக்குழந்தைகள் பெரிபெரியால் சாகிறார்கள். பருப்பும் பயறும் வேர்க்கடலையும் தாராளமாகக் கொடுங்கள் என்று பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் இதழ் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்த இதழில் இதைத் தனியாகவே எழுதுங்கள். இரண்டு முதல் நாலு மாதக் குழந்தை பால் குடிக்க மறுத்து, அழும்போது குரல் கம்மி, மூச்சு வாங்கினால் மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு அலையாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். காரணம் பி1 குறைவுதான் என்றால், தயமின் ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் குழந்தை தேறத் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
வாசகி, மோல்மீன்