நீ கேட்ட சர்க்கரை அளவு

அன்புள்ள கண்ணு,

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி 11.30 மணிக்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "அம்மா, நம்ம வீட்டுக் கேக்கில் சர்க்கரையை எவ்வளவு குறைக்கலாம்?" நான்கு மாதமாக வாரத்துக்கு இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறவள், அந்த நேரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறாய். "நாளைக்குப் பேசுகிறேன்" என்று பதில் போட்டேன். பேசவில்லை. போனை எடுத்தால் வேறு எதையாவது கேட்டுவிடுவேன் என்று பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். 200 கிராம் மாவு, 200 கிராம் வெண்ணெய், 4 முட்டை போடும் நம் கேக்குக்கு 150 கிராம் சர்க்கரை போதும். 200 கிராமிலிருந்து கால் பங்கு குறைத்தால் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. 130 வரை இறங்கிப் பார்த்தேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. 100-க்கு வந்தபோது மறுநாளே வறண்டு, உதிர்ந்து, தேநீரில் தோய்த்தால்தான் விழுங்க முடிந்தது. இந்த வாரம் நான்கு கேக் செய்துவிட்டேன். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நான்காவதை அடுப்பிலிருந்து எடுத்தபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சர்க்கரை இனிப்புக்கு மட்டும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது அந்தக் குருணைதான் உள்ளே காற்றைப் பிடித்து வைக்கிறது. மாவுக்குப் போகிற தண்ணீரில் ஒரு பங்கைத் தானே இழுத்துக்கொள்வதால் மாவு இறுகாமல் மெத்தென்று இருக்கிறது. மூன்று நாள் ஆனாலும் ஈரம் போகாமல் இருப்பதும், மேலே பொன்னிறம் வருவதும் அதனால்தான். ஆகவே குறைத்தால் இவை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறையும். இதைத் தெரிந்துகொண்டுதான் குறைக்க வேண்டும். முக்கியமாக ஒன்று: சர்க்கரை குறைந்த கேக் சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் நிறம் வராது. நிறம் வரட்டும் என்று காத்திருந்துதான் என் மூன்றாவது கேக்கைக் காயவிட்டேன். எப்போதும் எடுக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே குச்சியால் குத்திப் பார். ஒட்டாமல் வந்தால் வெளுப்பாக இருந்தாலும் எடுத்துவிடு.

அதிகமானால் என்ன ஆகும் என்பதும் இப்போதுதான் புரிந்தது. சர்க்கரை கூடக்கூட மாவும் முட்டையும் கெட்டியாவதற்கு அதிகச் சூடு தேவைப்படும். கேக் பொங்கி எழும், ஆனால் நடுப்பகுதி நிற்க வலுவில்லாமல் அப்படியே உட்கார்ந்துவிடும். நீ எட்டாவது படித்தபோது தம்பியின் பிறந்தநாளுக்குச் செய்த கேக் குழி விழுந்ததே, நினைவிருக்கிறதா? நீ ஓவன் கதவைத் திறந்து பார்த்ததால்தான் என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். நீ திறக்கவே இல்லை என்று அழுதாய். நீ திறந்திருக்க மாட்டாய். நான் போட்ட சர்க்கரைதான் காரணமாக இருந்திருக்கும்.

அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நீ முதல் பரிசுப் பணத்தில் வாங்கினாயே ஒரு தராசு, அதை அலமாரி மேலிருந்து இறக்கிப் புது பேட்டரி போட்டேன். இன்னும் வேலை செய்கிறது. நான் "ஒரு கப்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் டம்ளரில் சர்க்கரை நிரப்பி வைத்துப் பார்த்தேன். புத்தகங்களில் ஒரு கப் சர்க்கரை என்றால் 200 கிராம். என் டம்ளரில் தலை தட்டினால் 240. நான் வழக்கமாகப் போடுவதுபோலக் குவித்து அள்ளினால் 275. நம்பாமல் மூன்று முறை நிறுத்தேன். உனக்கும் உன் அத்தைக்கும் எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் நான் சொன்ன அளவெல்லாம் இந்த டம்ளர் அளவுதான்.

அதனால் கண்ணு, எதைப் போட்டாலும் எடை போட்டுப் போடு. கப் நம்பக்கூடியது இல்லை. புத்தகம் சொல்லும் அதே கப்பில் பொடித்த சர்க்கரை 120 கிராம்தான் பிடிக்கும், பழுப்புச் சர்க்கரையை அழுத்தி நிரப்பினால் 200-ஐத் தாண்டும். ஸ்பூனும் அப்படித்தான். தட்டையான ஒரு டீஸ்பூன் 4 கிராம், குவித்தால் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். 150 கிராம் போட்ட கேக்கைப் 12 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் பன்னிரண்டரை கிராம் சர்க்கரை. என் 275-க்கு ஒரு துண்டில் 23 கிராம். தனியாகச் சேர்க்கிற சர்க்கரை மொத்தச் சாப்பாட்டின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும், முடிந்தால் அதிலும் பாதிக்குக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அந்தப் பாதி என்பது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராம். ஒரு நாளுக்கானதை நான் ஒரே துண்டில் வைத்துத் தட்டில் போட்டிருக்கிறேன். இன்னொரு துண்டு எடுத்துக்கொள் என்றும் சொல்லியிருக்கிறேன்.

தேன் போட்டால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்தக் கணக்கில் தேனும் பழச்சாறும் சர்க்கரையோடுதான் சேரும். ருசிக்காகத் தேன் போடுவதாக இருந்தால் ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப் போதும், பாலையோ தண்ணீரையோ கொஞ்சம் குறை, ஓவன் சூட்டையும் சற்றுக் குறைத்து வை, தேன் சீக்கிரம் கருகும். மாற்று இனிப்பு மாத்திரை, பொடி எதையும் யோசிக்காமல் மாவில் கொட்டாதே. அதில் சில சூட்டில் இனிப்பை இழந்துவிடும், பெரும்பாலானவை சர்க்கரைபோல ஈரத்தைப் பிடிக்காது. நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்துப் பார். நான் அதைத்தான் விரும்புகிறேன்.

எல்லாவற்றிலும் ஒரே மாதிரி குறைக்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்கட்டில் குறைத்தால் பரவாமல் உருண்டையாகவே நின்றுவிடும். முட்டை வெள்ளையை நுரைத்துச் செய்யும் மெரிங்கில் கை வைக்காதே, ஒரு வெள்ளைக்கு 50 கிராமாவது வேண்டும், இல்லையென்றால் நீர் விடும். ஜாமில் பாதியாகக் குறைத்தால் பழம் இறுகாது, கெட்டும் போகும், கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். ரொட்டிக்கு மட்டும் கவலையில்லை. ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை கட்டாயம் இல்லை, அதிகமானால்தான் அது மந்தமாகிவிடும். குழம்பிலோ தக்காளி சாஸிலோ புளிப்பை அடக்க ஒரு சிட்டிகை போடுவதில் தப்பில்லை. புளிப்பு அடங்கியதும் நிறுத்து, இனிப்பு தெரிகிற வரை போடாதே.

பால் புட்டிங்குக்கு வருகிறேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பால் சுண்டச் சுண்ட அதில் போட்ட சர்க்கரையும் செறிவாகும். அதனால் ஆரம்பத்திலேயே போடக் கூடாது, சுண்டி முடிந்த பிறகு போட்டு ருசி பார்க்க வேண்டும். ஆறியதும் இனிப்பு கொஞ்சம் மங்கும். அதற்குப் பயந்து நான் எப்போதும் இரண்டு ஸ்பூன் கூடவே போடுவேன். அப்பாவுக்குக் குளிர வைத்துத்தான் பிடிக்கும், தெரியுமே.

உனக்கு அப்போது 15 வயது. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன அந்த வாரமே, இனிமேல் எல்லாவற்றையும் நிறுத்துப் போடலாம் என்று நீதான் தராசைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தாய். "அளவு பார்த்துப் போட இது வீடா, மருந்துக்கடையா?" என்று கேட்டேன். அப்புறம் பாதியாகக் குறைத்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னேன். நீ ஒரு வாரம் எதுவும் பேசாமல் சர்க்கரை டப்பாவைக் காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை நிறுத்துக் குறித்து வைத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை வாசித்தாய். தராசு கெட்டுப்போயிருக்கிறது, உனக்கு எண்ணத் தெரியவில்லை, பெற்றவளையே சந்தேகப்படுகிற பெண் என்று என்னவெல்லாமோ சொன்னேன். அப்பா உன்னைத்தான் அதட்டினார். நீ தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு அந்த மேசையில் நீ எதையும் கேட்கவில்லை.

இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டது, அது டம்ளரின் தவறு, பாதி என்று நினைத்துத்தான் போட்டேன் என்பது. இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோதுகூட அப்படித்தான் எழுதலாம் என்று இருந்தேன். அது உண்மை இல்லை. முதல் இரண்டு நாள் பாதி போட்டேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். மூன்றாம் நாளிலிருந்து தெரிந்தே முழுசாகப் போட்டேன். "பாதிதான், சாப்பிடுங்கள்" என்று சொல்லி வைத்தேன். அவர் நம்பிச் சாப்பிட்டார். உன் தாளில் இருந்த ஒவ்வொரு எண்ணும் சரி.

அப்பாவின் கால் விஷயத்துக்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, பல காரணம் சேர்ந்து வருவது என்று டாக்டர் அப்போதே சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இந்த வாரம் தம்பிக்கு 150 கிராம் கேக்கையும் 200 கிராம் கேக்கையும் பெயர் சொல்லாமல் கொடுத்தேன். எது எது என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. ஒரே நாளில் பாதியாக வெட்டியதால்தான் அவர் கிண்ணத்தைத் தள்ளினார். வாரத்துக்கு ஒரு ஸ்பூன் என்று குறைத்துக்கொண்டே வந்திருந்தால் நாக்கு தானாகப் பழகியிருக்கும். நான் என் காப்பியை அப்படித்தான் பழக்கினேன், இரண்டு ஸ்பூனிலிருந்து அரை அரையாக. இப்போது சர்க்கரையே இல்லை. யாராவது போட்டுக் கொடுத்தால் குடிக்க முடியவில்லை. அவருக்கு இதைச் செய்திருக்கலாம். நீ தராசோடு வந்து நின்றாய், எனக்கு வழி தெரியாமலும் இல்லை.

சரி. இப்போது உன்னைப் பற்றி. கேக் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. போன மாதம் வீடியோவில் பேசியபோது பத்து நிமிடத்தில் மூன்று தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாய். மோதிரம் விரலில் சுற்றுகிறது, முன்பு கழற்றவே வராது. வெயில் காலம், வேலை அதிகம், அவ்வளவுதான் என்று இருக்கலாம். அப்பாவுக்கும் முதலில் தாகம்தான். ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 126, மூன்று மாதச் சராசரி 6.5, இவற்றைத் தொட்டால் சர்க்கரை வியாதி என்கிற இந்த இரண்டு எண்ணும் உனக்கும் எனக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ படித்தவள், தனியாக ஒரு வீட்டை நடத்துகிறவள், பதினைந்து வயதிலேயே என்னைவிடத் தெளிவாக இருந்தவள். ஆனாலும் போய் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. ஏற்கெனவே பார்த்துவிட்டாய் என்றால் அதையாவது சொல். கேக்கில் குறைப்பது நல்லதுதான், ஆனால் அதைச் செய்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதே.

சாப்பிடு. இனிப்பைக் குறைக்கிறேன் என்று சாப்பாட்டையே குறைக்காதே. எடை போட்டுப் போடு.

150 கிராம் போடும்போது உப்பு கால் டீஸ்பூனும் வெனிலா கொஞ்சம் தாராளமாகவும் சேர், இனிப்பு குறைந்தது தெரியாது. வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும் வரை அடி, அவசரப்படாதே. செய்து பார்த்துவிட்டு எவ்வளவு போட்டாய், எப்படி வந்தது என்று எழுது. மற்ற எண் வந்ததும் அதையும் எழுது. எதுவாக இருந்தாலும் இந்தத் தடவை நான் தராசு கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அம்மா