சேனை இலை பழுத்ததற்குப் பயப்படாதே

அன்பு மகள் சுதாவுக்கு,

நீ அனுப்பிய சேனைப் படம் பார்த்தேன். இலை பழுத்துத் தண்டு சாய்கிறது என்று பதறியிருக்கிறாய். ஒன்றும் ஆகவில்லை மக்ளே. சித்திரையில் நட்டது, எட்டு ஒன்பது மாதத்தில் அப்படித்தான் சாயும். கிழங்கு முற்றிவிட்டது என்று அர்த்தம். இனிமேல் தண்ணீர் ஊற்றாதே.

பையில் வைத்து இவ்வளவு உயரம் கொண்டுவந்தாயே, மாமாவிடம் படத்தைக் காட்டினேன். தண்டில் அந்தப் பாம்புத் தோல் புள்ளிகள்கூட நம் விளையில் வருவதுபோலவே இருக்கின்றன. அம்மாதான், பால்கனி வேறு மாதிரி இருக்கிறதே, பழைய வீட்டில் பச்சைக் கம்பி அல்லவா என்றாள். பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று சொல்லிவைத்தேன்.

தண்டு முழுக்கக் காய்ந்து விழுந்தபிறகு எடு. மண்வெட்டி வேண்டாம், பையைக் கிழித்துக் கையால் மண்ணைத் தள்ளு. காயம் பட்ட இடத்தில்தான் அழுகல் பிடிக்கும். அதுவரை தண்ணீர் ஊற்றாதே. எடுத்தவுடன் சமைக்காமல் சில நாள் நிழலில் காற்றாடப் போட்டுவை. கஜேந்திரா ரகம் என்றால் அரிப்பு குறைவு; நான் தந்தது நாட்டுச் சேனை. அதில் ஊசி ஊசியாக கால்சியம் ஆக்சலேட் இருக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டு, புளி விட்டு வேகவை. இரண்டு கிலோவாவது இருக்கும். எத்தனை பேர் சாப்பிடுவீர்களோ, அதற்குத் தக்க வெட்டு.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். ஐப்பசிக்கு அப்புறம் படம் மட்டும்தான் வருகிறது. தம்பியைப் படிக்கவைத்தவள் நீ, உனக்கு ஒழிவில்லை என்பது தெரியாதா எனக்கு? பொங்கலன்று மாப்பிள்ளை நம்பருக்குப் போட்டேன், எடுக்கவில்லை. சரி, வேலையாக இருந்திருப்பார். நீயாவது எடுத்திருக்கலாம். அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

விதைச் சேனையை இந்த வருஷம் உன் அறையில் போடவில்லை. மாட்டுத்தொழுவத்துப் பக்கம் மாற்றியாயிற்று. அறைக்கு வெள்ளையடித்து, பேனும் புதிதாக மாட்டியிருக்கிறேன். விதை நெருக்கமாகக் கிடந்தால் கெட்டுப்போகும், அங்கே காற்றோட்டம் நல்லது, அதனால்தான்.

மாசியில் நட்டால் குடம் அளவு விளையும் என்று மலையாளத்துக்காரர்கள் சொல்வார்கள். உனக்கென்று நான்கு துண்டு எடுத்துவைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் அரைக் கிலோ, நடு முளையில் ஒரு பங்கு எல்லாவற்றிலும் இருக்கிறது. சாணிப்பாலில் முக்கி நிழலில் உலர்த்தி பார்சல் போடுகிறேன். நட்டபின் மேலே சருகு மூடு, தண்ணீர் தேங்கவிடாதே.

இந்தக் கடிதத்தை உன் ஆபீசுக்குத்தான் போடுகிறேன். பார்சலை அங்கே அனுப்ப முடியாது. இப்போது எந்த வீட்டில் இருக்கிறாயோ அந்த விலாசத்தை, கதவு எண்ணும் பின்கோடும் சேர்த்து, மாசி பிறக்குமுன் எழுது. நானே கொண்டுவந்தாலும் சரிதான். நாகர்கோவிலிலிருந்து ரயில் இருக்கிறது.

அப்பா