விதி எழுதுவது யார் வேலை?

அன்புள்ள மாப்ளே,

உன் முழங்கால் வலி தேவலை என்று தெரிந்து நிம்மதி. குடியிருப்போர் சங்கத்தில் செயற்குழுவே விதிகளை எழுதி, அதுவே நிறைவேற்றியும் கொண்டது என்று இரண்டு பக்கம் புலம்பியிருந்தாய். அதைப் படித்த வாரமே மகள் என்னை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கான்கார்டு என்ற ஊருக்கு அழைத்துப் போனாள். உன் வழக்கு இந்த ஊரில் 1776-லேயே நடந்திருக்கிறதடா!

1775-ல் ஆங்கிலேயப் படையோடு சண்டை நடந்த பாலத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. எனக்குப் பிடித்தது மறுவருஷத்துக் கதை. ஆங்கிலேயரோடு சுதந்திரப் போர் முடியவில்லை, அதற்குள் மாசசூசெட்ஸ் சட்டசபை, புது அரசியல் சட்டத்தைத் தானே எழுதலாமா என்று ஊர்களைக் கேட்டது. கான்கார்டு ஊர்க்கூட்டம் கூடாது என்றது. சபைக்குக் கடிவாளம் போடத்தானே அந்தச் சட்டம்? சபையே எழுதினால் சபையே மாற்றிவிடும், அப்புறம் நமக்கு என்ன பாதுகாப்பு? இதற்கென்றே தனியாக ஆட்களைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள்.

சபை கேட்கவில்லை. தானே எழுதி 1778-ல் ஊர்களுக்கு அனுப்பியது. ஊர்கள் தூக்கி எறிந்தன. குடிமக்களின் உரிமைப் பட்டியலே அதில் இல்லை என்ற கோபம் வேறு.

பிறகுதான் வழிக்கு வந்தார்கள். 1779 செப்டம்பரில் அதே மாநிலத்துக் கேம்பிரிட்ஜில், சட்டம் எழுதவென்றே தேர்ந்தெடுத்தவர்களின் தனி மாநாடு கூடியது. வரைவில் பெரும்பகுதி, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் எழுதியது. ஊர்க்கூட்டங்கள் அதைப் பிரிவு பிரிவாக அலசி, ஆட்சேபம் எழுதி அனுப்பின. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதை எண்ணியபோது மாநாட்டுக்காரர்கள் கொஞ்சம் தாராளம் காட்டினார்கள் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எப்படியோ 1780-ல் சட்டம் அமலுக்கு வந்தது, அதன்படி ஜான் ஹான்காக் மாநிலத்தின் முதல் ஆளுநரானார். நம்மூர் ஆளுநர் மாதிரி நியமனம் இல்லை, ஓட்டு வாங்கி ஜெயித்தவர். திருத்தங்களோடு அந்தச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. அந்தச் சட்டத்தை ஏற்கலாமா என்று கேட்டபோது, 21 வயதான சுதந்திர ஆண்களிடம் சொத்து இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சட்டம் வந்ததும், 60 பவுண்டு மதிப்புள்ள சொத்தோ வருஷம் 3 பவுண்டு வருமானம் தரும் நிலமோ இருந்தால்தான் தேர்தலில் ஓட்டு! இல்லாதவன் தன் ஓட்டுரிமையைத் தானே கைதூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அதே சட்டத்தின் முதல் பிரிவு, மனிதர் எல்லோரும் பிறப்பிலேயே சுதந்திரமானவர்கள், சமமானவர்கள் என்கிறது. பெட் என்ற அடிமைப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டு, 1781-ல் விடுதலை வாங்கி, எலிசபெத் ஃப்ரீமன் ஆனாள். எழுதியவர்கள் அவளை நினைத்து எழுதியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அடுத்த மாதம் ஊருக்கு வந்துவிடுவேன். உங்கள் சங்க விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வை.

உன் பழைய அறைத்தோழன்