துல்லியம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வான்போர்க் கோட்பாடுகளை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1921-இல் இத்தாலியத் தளபதி ஜூலியோ டூவே எழுதியதையும், 1991 வளைகுடாப் போருக்காக அமெரிக்க விமானப்படை அதிகாரி ஜான் வார்டன் போட்ட ஐந்து வளையத் திட்டத்தையும் (எதிரியை ஒன்றுக்குள் ஒன்றான ஐந்து வளையங்களாகப் பார்த்து, நடுவிலுள்ள தலைமையை முதன்மையாகக் குறிவைப்பது) அருகருகே வைத்தது நல்ல காரியம். ஆனால், குறி தவறாத குண்டுகள் வந்ததும் டூவேயின் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஊர்களின் மேல் குண்டு போட்டால் மக்களே அரசைச் சரணடைய வைப்பார்கள் என்றார் டூவே. 1940-41இல் லண்டன் மாதக்கணக்கில் அடி வாங்கியும் அது நடக்கவில்லை. சரி, இதற்கும் வார்டனுக்கும் நடுவே 1930களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மேக்ஸ்வெல் விமானத் தளத்தில் உருவான கோட்பாட்டைக் கட்டுரை தொடவே இல்லையே! ஊரை விடுங்கள், தொழில்துறை என்ற வலையில் சில முடிச்சுகளை அறுத்தால் போதும் என்றது அது. அப்படித் தேர்ந்த முடிச்சு பால் பேரிங். 1943 அக்டோபர் 14 அன்று அதைத் தயாரித்த ஜெர்மன் நகரமான ஷ்வைன்ஃபுர்ட்டுக்குக் கிளம்பிய 291 அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் 60 திரும்பவில்லை. அடுத்த நான்கு மாதம் அமெரிக்கர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்குள் ஜெர்மானியர்கள் இயந்திரங்களைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்கள், கையிருப்பும் கைகொடுத்தது.

ஜெர்மனியின் எரிபொருள் ஆலைகளின் கதை வேறு. 1944 மே 12-இல் அடிபட்டு நின்ற லாய்னா ஆலை, பத்தே நாளில் ஓரளவு ஓடத் தொடங்கியது. திரும்பவும் அடித்தார்கள். பழுது பார்க்கப் பார்க்க, மொத்தம் 22 முறை! செயற்கை எரிபொருள் ஆலைகளிலிருந்து ஏப்ரலில் 1,75,000 டன் வந்த விமான பெட்ரோல், செப்டம்பரில் 5,000 டன்னாகச் சுருங்கியது. எதிரி எவ்வளவு வேகமாகச் சரிசெய்வான், நாம் எத்தனை முறை திரும்பிப் போவோம் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். வார்டனின் வளையப் படத்தில் இந்தக் கேள்விக்குப் போதிய இடம் இல்லை என்பது என் கருத்து.

அப்புறம், துல்லியம். 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமிரியாவில் லேசர் வழிகாட்டலில் போட்ட இரண்டு அமெரிக்கக் குண்டுகளும் குறி வைத்த கட்டடத்திலேயே விழுந்தன. இராணுவக் கட்டளை மையம் என்று நம்பி அடித்த அந்தப் பதுங்கிடத்தில் 400-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அதன்பின் பாக்தாத் நகருக்குள் அடிப்பதற்கே வாஷிங்டன் கடிவாளம் போட்டது. வார்டனின் நடுவளையமான தலைமைப்பீடம் இருந்ததும் அங்கேதான். கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், இதையும் லாய்னாவையும் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்