ஜிப்சியின் முன்சக்கர உதறலும் ஒரு ஸ்பிரிங் தராசும்

அன்புள்ள சேகர்,

நலம். உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கோத்தகிரியில் மழை இன்னும் விடவில்லை என்கிறாய். இங்கே கோவையில் வானம் மூடிக்கொண்டு நிற்கிறதே தவிர ஒரு தூறல் இல்லை.

நேராக உன் மாருதி ஜிப்சி ஜீப்புக்கு வருகிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறினால் ஸ்டீயரிங் கையை உதறுகிறது, 30க்குக் குறைத்தால்தான் அடங்குகிறது, ஒர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங் டாம்பரை (உதறலை அடக்குகிற சின்ன ஷாக் அப்சார்பர்) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், போகிற போக்கில், இடது முன்டயரின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு என்றும் ஒரு வார்த்தை. நீ இரண்டையும் தனித்தனிப் புகாராக நினைக்கிறாய். எனக்கென்னவோ இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் வேலை என்று படுகிறது: நக்கிள், அதாவது ஆக்சில் முனையில் சக்கரத்தோடு திரும்புகிற பாகம். டாம்பரை இப்போது வாங்காதே. புது டாம்பர் போட்டால் நாலைந்து மாதம் உதறல் தெரியாது. அதற்குள் உள்ளே இருக்கிற தேய்மானம் இரட்டிப்பாகியிருக்கும்.

ஜிப்சியின் முன் ஆக்சில் ஒரே இரும்புக் குழாய். இரண்டு சக்கரமும் டை ராடு என்கிற ஒரு கம்பியில் கட்டுண்டு கிடக்கின்றன. ஒரு சக்கரம் குழியில் திரும்பினால் மற்றதையும் இழுக்கும், அது திரும்ப இதைத் தள்ளும். இந்த ஊசலாட்டத்தைப் பிடித்து நிறுத்துவது கிங் பின் பேரிங்கின் இறுக்கம். நக்கிளுக்கு மேலே ஒரு பின், கீழே ஒரு பின், இரண்டிலும் டேப்பர் ரோலர் பேரிங். அவை கொஞ்சம் கெட்டியாக இருந்தால்தான் சக்கரம் தானாக ஆடாது. அந்த இறுக்கம் போன பிறகு டாம்பர் ஒற்றை ஆளாக மல்லுக்கட்டுகிறது.

கழற்றுவதற்கு முன் சோதனை. முதலில் இரண்டு டயரிலும் காற்றைச் சமமாக்கி, வீல் பேலன்ஸ் பார்த்துவிடு. பிறகு வண்டி தரையில் நிற்கட்டும், எஞ்சின் அணைந்திருக்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்ட, நீ கீழே படுத்து ஒவ்வொரு டை ராடு எண்டின் மேலும் விரலை வை. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். ஸ்டீயரிங் பாக்ஸை சேஸிஸில் பிடிக்கிற போல்ட்டுகளையும், அந்த இடத்தில் சேஸிஸில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள். அடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்து (கல் அடுக்கி நிறுத்துகிற பழக்கம் உன் ஊரில் இன்னும் உண்டு, வேண்டாம்). டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். அப்போதும் ஆடினால் கிங் பின். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வீல் பேரிங் மாற்றிக் காசு விட்டவர்கள் நிறையப் பேர்.

கிங் பின்னுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. தூக்கிய நிலையில் டை ராடைக் கழற்றிவிட்டு நக்கிளைக் கையால் மெதுவாகத் திருப்பு. நேர் நிலைக்கு வரும்போது குழியில் விழுந்தமாதிரி 'டக்' என்று ஒரு பிடி பிடிக்கும். நக்கிள் பேரிங் முழுச் சுற்று சுற்றுவதில்லை, இப்படியும் அப்படியும் சுமார் முப்பது டிகிரிதான். வண்டி நேராகப் போகிற நேரமே அதிகம் என்பதால் எல்லாக் குழியின் அடியும் அதே ரோலர்கள் அதே இடத்தில் வாங்குகின்றன. பேரிங்கின் வெளிவளையமான கப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், நகத்தால் கீறியமாதிரி ரோலர் அகலத்துக்கு வரிவரியாகப் பள்ளம் தெரியும். அந்தக் கப்புக்குப் புது கிரீஸ் போட்டு ஒரு பயனும் இல்லை.

இப்போது எண்ணெய்க்கு வா. பிசுக்கைத் தொட்டு முகர்ந்து பார். கெட்டியான கிரீஸாக இருந்தால் நக்கிளின் பின்புறத்து வைப்பர் சீல் மட்டும் போயிருக்கிறது. கஞ்சிபோல் நீர்த்து, கியர் ஆயிலின் கந்தக வாடை அடித்தால் ஆக்சில் குழாயின் முனையிலிருக்கும் உள் சீல் போய், டிஃபரென்ஷியல் (ஆக்சிலில் இருக்கிற கியர் பெட்டி) ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிட்டது. அந்தக் கஞ்சியில்தான் உன் கிங் பின் பேரிங்கும், ஆக்சில் மூட்டும் குளிக்கின்றன. சீல் ஏன் போயிற்று என்று பார்க்காமல் சீலை மட்டும் மாற்றாதே. ஆக்சில் மேலே சின்னதாக ஒரு பிரீதர், அதாவது காற்றுப்போக்கி, இருக்கும். சேற்றில் அது அடைபட்டால் சூடான காற்று வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளும். ஓடையில் இறங்கும்போது நேர்மாறாக, சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்து சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் அதுதான் கதை. பிரீதரில் ஒரு ரப்பர் டியூப் மாட்டி எஞ்சின் அறையில் உயரமாகக் கட்டிவிட்டால் இரண்டும் தீரும்.

வேலையைத் தொடங்கும்போது டிஃபரென்ஷியல் ஆயிலை வடித்துவிடு. முன்னாலே 2 லிட்டர் பிடிக்கும், 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ரக கியர் ஆயில். காலிப்பரைக் கழற்றினால் பிரேக் ஹோஸில் தொங்கவிடாதே, கம்பியால் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்கில்) கட்டு. ஹப், ஸ்பிண்டில், பிறகு ஆக்சில் ஷாஃப்ட் என்று வரிசையாக வெளியே வரும். டை ராடு எண்டை எடுக்க மரையின் தலையில் அடிக்காதே. நக்கிள் கையின் கண்ணில், பக்கவாட்டில், ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்து மறுபக்கம் ஓங்கி ஒரு அடி. டேப்பர் தானே விட்டுவிடும். பின்புறத்துச் சீல் வளையத்தின் 10 நம்பர் போல்ட்டுகள் துருப்பிடித்துத் தலை வழுக்கும், முந்தின நாளே ஊறவிடு.

கிங் பின்னை எடுக்கும்போதுதான் அவசரம் கூடாது. பின்னுக்கும் நக்கிளுக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு டப்பாவில் தனித்தனியாகப் போட்டு எழுதி வை. பின்களும் கலக்கக் கூடாது. கீழ்ப் பின்னைக் கழற்றியதும் பேரிங் கையில் விழும், எதிர்பார்த்து இரு. கப் ஆக்சிலின் உருண்டை முனையில் அழுந்தி இருக்கிறது. உள்ளேயிருந்து பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டினால் வரும். கோனை (ரோலர்கள் உள்ள உள்வளையம்) மட்டும் மாற்றிப் பழைய கப்பை வைத்துக்கொள்கிற சிக்கனம் வேண்டாம்.

புதுப் பேரிங் ஏற்றிய பிறகு ஒரு ஸ்பிரிங் தராசு வேண்டும், மீன் கடையில் தொங்குமே, அந்த மாதிரி. வைப்பர் சீலை இன்னும் பூட்டாமல், டை ராடு கழன்ற நிலையில், பின் போல்ட்டுகளை 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிவிட்டு, டை ராடு மாட்டுகிற ஓட்டையில் தராசின் கொக்கியைப் போட்டு, நக்கிள் கைக்குத் தொண்ணூறு டிகிரியில் இழு. நக்கிள் அசையத் தொடங்கும்போது முள் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவே இருக்கவேண்டும். குறைவாக இருந்தால் ஷிம் ஒன்றை எடு; பின் உள்ளே போய் இறுகும். கூடினால் ஒன்றைச் சேர். மேலும் கீழும் மாற்றி மாற்றி எடு, இல்லையென்றால் நக்கிள் ஒரு பக்கம் ஏறிப்போகும். ஷிம்மை மாற்றியதும் நாலைந்து தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிவிட்டுத்தான் மறுபடி அளக்கவேண்டும். நிறைய ஒர்க்‌ஷாப்புகளில் இருந்த ஷிம்மை அப்படியே போட்டு 'டைட்டா இருக்கு சார்' என்று கொடுத்துவிடுகிறார்கள். உதறல் நிற்கிறதா இல்லையா என்பது அந்த அரைக்கிலோ வித்தியாசத்தில் இருக்கிறது.

உள் சீலை அடிக்கும்போது அதன் உதடு (ரப்பர் விளிம்பு) டிஃபரென்ஷியல் பக்கம் பார்க்கவேண்டும். ஷாஃப்டில் பழைய உதடு ஓடிய தடத்தை நகத்தால் தடவிப் பார். பள்ளம் தட்டுப்பட்டால், சீலைக் கடைசிவரை அடிக்காமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்து, உதடு புதுத் தடத்தில் ஓடும். ஷாஃப்டை உள்ளே விடும்போது அதன் எடை சீலின் மேல் சாயவே கூடாது. ஸ்ப்ளைனின் பற்கள் ஒருமுறை உரசினால் போதும், புதுச் சீல் அன்றைக்கே கிழிந்தது. இரண்டு கையாலும் நடுவில் தாங்கிப் பிடித்து நுழை.

மூட்டின் குண்டுகளுக்குள் கிரீஸ் ஏறும்படி கையால் அழுத்தி நிரப்பு, மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ் நல்லது. ஸ்பிண்டிலின் உள்ளே ஒரு புஷ் இருக்கிறது, அதற்கும் கிரீஸ் தடவு. இதை மறந்தால் ஃபோர்வீல் போடும்போது கீச்சென்று கத்தும். உருண்டையின் மேல் துருப்புள்ளி இருந்தால் நைஸ் எமரியால் வழவழப்பாக்கிவிட்டு வைப்பர் சீலைப் பூட்டு. வீல் பேரிங் நட்டை ஹப்பைச் சுற்றிக்கொண்டே 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, முழுக்கத் தளர்த்தி, மறுபடி 10 முதல் 15க்கு மட்டும் இறுக்கி, பூட்டு வாஷரை மடித்துவிடு.

பட்டையைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஷேக்கிளின் (பட்டையின் முனையை சேஸிஸோடு சேர்க்கிற இணைப்பு) புஷ்ஷை மாற்றும்போது போல்ட்டை முழுதாக இறுக்காதே. வண்டி நாலு சக்கரத்தில் தரையில் நின்று, நாலு தடவை குலுக்கியபின் இறுக்கு. தொங்குகிற நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். பட்டையை ஆக்சிலோடு பிடிக்கிற யூ போல்ட் ஒருமுறை நீண்டது நீண்டதுதான், புதுசு போட்டு 60 முதல் 80 நியூட்டன் மீட்டர், 300 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு தடவை. நீளமான ஷேக்கிள் போட்டு முன்னே உயர்த்தலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே. ஜிப்சிக்கு முன் ஷேக்கிள் பம்பர் பக்கம் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்சில் முன்னோக்கிக் கவிழ்ந்து, கம்பெனி வைத்த மூன்றரை டிகிரி கேஸ்டர் (நக்கிள் திரும்புகிற அச்சின் பின்சாய்வு) குறையும். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, இப்போதுள்ள உதறலுக்கு நீயே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தமாதிரி ஆகும். உயரம் வேண்டுமானால் வளைவு கூடின பட்டை போடலாம், அதுவும் கேஸ்டரைச் சரிசெய்கிற ஆப்புத் தகட்டோடு.

எல்லாம் முடிந்ததும் டோ-இன், அதாவது முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கிற அளவு. ஹப் உயரத்தில் டயரின் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு டேப் பிடித்துப் பார், பின்பக்க அளவைவிட முன்பக்கம் 2 முதல் 6 மில்லிமீட்டர் குறைந்திருக்கவேண்டும்.

சாமான் வாங்கும்போது பழைய பேரிங்கையும் சீலையும் கையோடு கொண்டுபோ. 970 சிசி வண்டிக்கும் 1300 சிசி வண்டிக்கும் எல்லாம் ஒத்துப்போகாது. சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கிற பழைய நக்கிளைப் பார்த்து ஆசைப்படாதே. கப் உட்காருகிற இடம் தேய்ந்ததா என்று அங்கே நின்று பார்க்க முடியாது. உன் மருமகன் ஜிம்னி வாங்கப்போகிறான் என்றாயே, அதில் பட்டைக்குப் பதில் காயில் ஸ்பிரிங், ஆனால் நக்கிளும் கிங் பின்னும் இதே ஏற்பாடுதான். தராசை எறிந்துவிடாதே.

இரண்டு பக்கமும் ஷிம் எடுப்பதற்கு முன் தராசு எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து அனுப்பு. இடதும் வலதும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துவிட்டு, டை ராடு எண்டையும் இப்போதே மாற்றலாமா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி